வளவும் வாழ்வும்: வேம்புக்குள் கிடந்த இரும்பு



கடந்த மாதம் வன்னியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். வாழ்வாதார உதவியாக அவருக்கு ஒரு தொகை கிடைக்க இருக்கிறதாம். "கோழிக்கூடு போடப்போறீங்களோ, தையல் மெசின் வேணுமோ எண்டு கேக்கினம். எனக்கு இருபது வயதில ஒரு மகன். அவன் மரம் அரியிற மெசின் வாள் வாங்கித் தரச்சொல்லி நிக்கிறான். பக்கத்து ஊரில ஒரு பெடியன் அதை வைச்சு நல்லா உழைக்கிறானாம். வாங்கிக் குடுக்கலாமோ அக்கா?" என்று கேட்டிருந்தார்.

கோழியைப் பற்றியோ தையலைப் பற்றியோ கேட்டிருந்தால் உடனே பதில் எழுதியிருப்பேன். இந்தக் கடிதத்தைப் பத்து நாள் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வளவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. அதை இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை.

நாரந்தனையில் எங்கள் குசினிக்குப் பின்னால் ஒரு வேம்பு நின்றது. 1990 இல் அது என் தொடையளவு பருமன். அந்த ஆண்டு எங்கள் வளவுக்குள் ஒரு ஷெல் விழுந்தது. கிணற்றுக்கட்டு உடைந்தது. கட்டியிருந்த மாடு செத்தது. வேம்பின் பட்டையில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கிழியல் விழுந்து, பல நாள் அதிலிருந்து பிசின் வடிந்தது. 1991 இல் தீவை விட்டு வெளிக்கிட்டோம். 1997 இல் நானும் பிள்ளைகளும் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. அறைக்குள் ஒரு ஆலங்கன்று சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. வேம்பு மட்டும் நன்றாகப் பருத்திருந்தது. பழைய கிழியல் இருந்த இடத்தைப் பட்டை மூடிவிட்டது. காயம் ஆறின மரம் என்று சந்தோசப்பட்டேன்.

2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை பெய்தபோது நிலம் ஊறி, வேம்பு குசினிப் பக்கம் சாய்ந்தது. கூரைக்கு மேலே ஒரு கொப்பு முறிந்து தொங்கியது. இரவில் காற்றுக் கேட்டால் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு ஓடுவோம். தைமாதம் ஒருவரைப் பிடித்தேன். கூலி வேண்டாம், மரத்தை எடுக்கிறேன் என்றார். எனக்கும் அது இலாபமாகத் தெரிந்தது. காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் செருப்போடு வந்தார். அடிமரம் பருமன், அவருடைய வாளின் அலகு கட்டை. அதனால் கொஞ்சம் மெலிந்திருந்த நெஞ்சளவு உயரத்தில் வாளை வைத்தார். நான் பத்து அடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பிழை, பிறகு சொல்கிறேன்.

இரும்பில் இரும்பு முட்டுகிற சத்தம் ஒன்று. பொறி பறந்தது. வாள் அவர் கையில் துள்ளி, இறங்கின வேகத்தில் இடது தொடையைக் கிழித்தது.

என் தாவணிச் சேலையை மடித்துக் காயத்துக்குள் வைத்து, இரண்டு கையாலும் அமத்திக்கொண்டிருந்தேன். மகள் 1990 இலக்கத்துக்கு அழைத்தாள். அம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. அமத்தினதுதான் அவரைக் காப்பாற்றியது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். ஆனால் மாதக்கணக்கில் வேலைக்குப் போகமுடியாமல் இருந்தார். ஒருநாள் அவருடைய மனைவி வந்து என் திண்ணையில் இருந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அக்கா, மரத்துக்குள்ள இரும்பு இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?"

ஷெல் விழுந்தது எனக்குத் தெரியும். முப்பது வருடத்தில் மரம் வளர வளர அந்த இரும்பும் மேலே போயிருக்கும், உச்சியில் எங்கோ இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம், அது சரியில்லை. மரம் உயரத்துக்கு வளர்வது நுனிகளில் மட்டும். அடிமரம் பருக்கும், மேலே நகராது. நீங்கள் சிறுபிள்ளையாய் இருந்தபோது கொடிகட்ட அடித்த ஆணி இன்றைக்கும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் புதிய மரம் வெளிப்பக்கமாகப் படிந்து அதை மூடிக்கொண்டு போகும். ஆகவே 1990 இல் நெஞ்சளவில் பட்ட துண்டு 2021 இலும் நெஞ்சளவிலேயே இருந்தது. ஆனால் ஒரு சாண் உள்ளே. நின்றுகொண்டு வெட்ட வசதியான உயரமும் அதுவேதான்.

பனை வேறு சாதி. வேம்பு, மா, புளி போல அதற்குப் பட்டைக்குக் கீழே வளர்ந்து காயத்தை மூடுகிற படை இல்லை. சன்னம் துளைத்த பனையில் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். தீவிலே இன்றைக்கும் அப்படிப் பனைகள் நிற்கின்றன, விரலை விட்டுப் பார்க்கலாம். (விடாதீர்கள், உள்ளே குளவி இருக்கும்.) ஆகப் பனை தன் காயத்தைக் காட்டும். வேம்பும் மாவும் மறைக்கும். மறைக்கிற மரங்களுக்குத்தான் உங்கள் ஞாபகம் தேவைப்படுகிறது.

உடல் சொல்லும் அடையாளங்களும் சில உண்டு. பட்டையில் ஓரிடத்தில் காரணமில்லாத புடைப்பு, உதடு போல மடிந்த வடு, அந்த இடத்தில் மட்டும் பிசின் அல்லது கறுப்பு ஒழுக்கு. மரத்தை அரியும்போது உள்ளே கருநீலக் கறை தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரும்பும் மரத்தின் துவர்ச்சாரமும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். காந்தத்தை வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தோலோடு இருக்கும் ஆணியைத்தான் அது காட்டும், ஒரு சாண் உள்ளே இருப்பதைக் காட்டாது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம், அந்த வளவில் அந்தக் காலத்தில் இருந்த ஆட்கள். வளவு உங்களுடையது இல்லை என்றால் அயலில் ஒரு வயதான அம்மாவிடம் கேளுங்கள். பங்கர் எங்கே இருந்தது, காவலரண் எங்கே இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து அடித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். மரத்தின் எந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

வெடிக்காத ஒன்று மரத்தில் செருகியிருப்பதைக் கண்டாலோ, வேரைக் கிண்டும்போது கண்டாலோ கை வைக்காமல், வந்த வழியே திரும்பி நடந்து, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத காணியில் அடிக்கட்டையைக் கிண்டவும் வேண்டாம், அதில் நெருப்பு வைக்கவும் வேண்டாம்.

மீதி மரத்தைத் தறிக்க வேறு மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை முதலில் நான்தான் கதைத்தேன். "தம்பி, தொண்ணூறில இதில ஷெல் பட்டது. இந்தப் பக்கம், இந்த உயரம்" என்று கைவைத்துக் காட்டினேன். அவர்கள் வெள்ளைச் சுண்ணாம்பால் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்கு மேலும் கீழும் ஒரு முழம் தொடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். முழங்காலுக்குக் கீழே, நீண்ட அலகு உள்ள வாளால் தறித்தார்கள்.

அவர்கள் செய்ததைப் பார்த்துப் படித்ததைச் சொல்கிறேன். நீங்கள் செய்வதற்காக இல்லை, செய்கிறவருக்குத் தொழில் தெரியுமா என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்காக.

வாளை முடுக்க முன்னரே மூத்தவர் மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். விழும் பக்கத்தைத் தீர்மானித்தார். குசினிப் பக்கம் சாய்ந்த மரம் என்பதால் மேலே கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் வைத்தார். தொங்கின கொப்பை முதலில் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். விழும் திசைக்குப் பின்புறமாகச் சரிவில் தான் ஓடுவதற்கு இரண்டு வழியைத் துப்புரவாக்கி வைத்தார். பிறகு விழும் பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டினார். அது மரத்தின் குறுக்களவில் நாலில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. அதன்பின் மறுபக்கத்திலிருந்து, அந்த வாயின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிக்கொண்டு வந்தார். முழுக்க வெட்டவில்லை. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டார். கதவுக்குப் பிணைச்சல் மாதிரி அந்தப் பங்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு, நினைத்த பக்கமே மெல்லச் சரிய விடும். அதையும் வெட்டிவிடுகிறவருக்கு மரம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. பின்வெட்டில் ஆப்பு அடித்தார்கள். மரம் முனகத் தொடங்கியதும் மூத்தவர் வாளை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

எங்களை எங்கே நிற்கச் சொன்னார்கள் தெரியுமா? மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால். முதல்முறை நான் நின்ற பத்து அடியை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. பிள்ளைகள், ஆடு, நாய் எல்லாவற்றையும் அயல்வீட்டில் விட்டுவிடுங்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

வாள் துள்ளுவதைப் பற்றியும் விளங்கிக்கொள்ள வேண்டும். முழு வேகத்தில் அதன் சங்கிலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் ஓடுகிறது. அலகின் நுனியில், மேல்பாதி ஏதாவது ஒன்றில் முட்டினால் அந்த ஓட்டம் முழுவதும் வாளைப் பிடித்திருப்பவர் பக்கம் திரும்பிவிடும். கண் இமைக்க நேரமில்லை. அதற்காகத்தான் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. வாள் துள்ளும்போது அது முன்னே தள்ளுப்பட்டுச் சங்கிலியை நிறுத்தும். பழைய மெசின் பலவற்றில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள், இடைஞ்சலாம். தடுப்பு இல்லாத வாளை வளவுக்குள் விடாதீர்கள். ஒற்றைக் கையால் அரிகிறவரையும், தோளுக்கு மேலே தூக்கி அரிகிறவரையும், ஏணியில் நின்று அரிகிறவரையும், சாராயம் மணக்கிறவரையும்கூட அப்படியே திருப்பி அனுப்புங்கள். காற்று வீசும் நாளில் வேலை வேண்டாம்.

சங்கிலி கூராக இருக்கிறதா என்று நீங்களே சொல்லலாம். கூரான வாளிலிருந்து செதில் செதிலாகச் சீவல் பறக்கும். மொட்டையானதிலிருந்து மா மாதிரித் தூள் கொட்டும். தூள் கொட்டினால் ஆள் பலங்கொண்டு அழுத்துவார், அழுத்தும்போது வழுக்கும். பனையின் வெளி வைரம் சங்கிலியைச் சீக்கிரம் மொட்டையாக்கிவிடும், அடிக்கடி அரம் பிடிக்கவேண்டும்.

இந்தச் சங்கிலி வாள் எங்கிருந்து வந்தது என்று படித்தபோது ஒரு கணம் புத்தகத்தை மூடி வைத்தேன். 1780 களில் ஸ்கொட்லாந்தில் ஜோன் எய்ற்கின், ஜேம்ஸ் ஜெவ்ரி என்ற இரு வைத்தியர்கள் கையால் இழுக்கும் சிறிய சங்கிலி வாளைப் பயன்படுத்தினார்கள். எதற்கு? பிள்ளை பிறக்க முடியாமல் தவிக்கும் தாய்மாரின் இடுப்பு மூட்டை வெட்டி வழி விடுவதற்கும், பழுதான எலும்பை அறுப்பதற்கும். மயக்க மருந்து வராத காலம். ஜேர்மனியில் மரத்துக்கான மோட்டார் வாள்கள் வந்தது 1920 களில். எங்கள் உடம்பிலிருந்து மரத்துக்குப் போன கருவி அது.

இனிக் காசு. மரத்தை எடுத்துக்கொண்டு கூலி வேண்டாம் என்கிற பேச்சு, பெண்கள் தனியே இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும். கூலியை வேறாக, மரத்தின் விலையை வேறாகப் பேசுங்கள். மரத்தை நீங்களே அளக்கலாம், தையல் நாடா போதும். மர வியாபாரிகளின் பழைய கணக்கு இது: துண்டின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நாலால் பிரியுங்கள். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி, 144 ஆல் பிரித்தால் கன அடி. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால் 15 ஐ 15 ஆல் பெருக்க 225. அதை 8 ஆல் பெருக்க 1800. 144 ஆல் பிரிக்க பன்னிரண்டரைக் கன அடி. உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கணக்கிலேயே கழிந்துபோகிறது, அது பலகை அரியும் கழிவுக்காக. ஆகவே "கழிவு இருக்கு அக்கா" என்று சொல்லி மேலும் குறைக்க வந்தால், கழிவு ஏற்கெனவே போய்விட்டது என்று சொல்லுங்கள். இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். சன்னம் பட்ட மரத்துக்கு மில்லில் விலை குறையும், அதையும் மறைக்கவேண்டாம். மில்லில் வாளைப் பிடிக்கிறவனும் ஒருத்தியின் பிள்ளை.

எல்லா மரத்தையும் நினைத்தபடி தறிக்கவும் முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, பனை போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும். முதலில் கிராம அலுவலரிடமும் பிறகு பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். எங்களுக்கு அது ஊர்காவற்றுறையில் இருக்கிறது. மரத்தை வாகனத்தில் ஏற்றுவதற்கு வேறு பத்திரம் கேட்பார்கள். பனை விடயத்தில் எனக்கு இந்த அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை. பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் எத்தனை பனை விழுந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்த பிறகுதான் அந்த அழிவு முழுவதும் நடந்தது.

வன்னிச் சகோதரிக்கு இப்போது சொல்கிறேன். வாங்க வேண்டாம் என்று எழுதமாட்டேன். உழைப்பு இருக்கிற தொழில்தான். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் தொகையை மெசினின் விலைக்குள் முடித்துவிடாதீர்கள். தலைக்கவசமும் முகவலையும், காதுக்கு அடைப்பு, முன்பக்கம் தடித்த நார்ப்படை உள்ள காற்சட்டை, சப்பாத்து. இவற்றுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு மெசின் பாருங்கள். அந்தக் காற்சட்டை வெயிலுக்குப் பாரமாகத்தான் இருக்கும், பெடியன்கள் சிரிப்பார்கள். என் வளவில் கிழிந்த தொடையில் அது இருந்திருந்தால், அந்த நார்கள் சங்கிலிக்குள் சிக்கி வாளை நிறுத்தியிருக்கும்.

பெற்றோலில் ஒயில் கலக்கும் அளவு மெசினுக்கு மெசின் வேறு. 50 க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25 க்கு 1 என்றால் 40. அதோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், கடைக்காரரின் வாய்ச்சொல்லில் ஊற்றவேண்டாம். சூடாக இருக்கும்போது எண்ணெய் விடக்கூடாது. 2019 இல் இத்தகைய வாள் வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. வாங்க முன்னர் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மகன் முதலில் ஒரு நல்ல வேலைகாரரோடு ஒரு பருவமாவது கயிறு பிடித்து, கொப்பு இழுத்துப் பழகட்டும். உங்கள் பகுதியின் மரங்களில் 2009 இன் இரும்பு இருக்கிறது, எங்கள் மரங்களிலும்விடக் கூட. எந்த வளவுக்குப் போனாலும் "இதில என்ன பட்டது?" என்று கேட்காமல் அவன் வாளை முடுக்கக் கூடாது.

சிறு கொப்புகளை நாங்களே வெட்டலாம், அதற்குக் கைவாள் போதும். நிலத்தில் நின்று எட்டக்கூடியதை மட்டும் தொடுங்கள். பொய்க்கால் போட்டிருக்கும் சகோதரிகள் ஏணியில் ஏறவே வேண்டாம். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கொப்பு முறிந்து பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஆகையால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து வெட்டினால் கொப்பு சுத்தமாக விழும். கடைசியாக, மிஞ்சின கட்டையை அடியிலுள்ள தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி அரிந்துவிடுங்கள். மரம் காயத்தை மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். சேலைத் தலைப்பையும் பின்னலையும் செருகிக்கொள்ளுங்கள்.

வேம்பின் பலகையில் பாதியை அந்த மனிதரின் வீட்டுக்கு அனுப்பினேன். மனைவி முதலில் வேண்டாம் என்றாள், பிறகு கட்டிலுக்கு எடுத்தாள். அவர் இப்போது வேலைக்குப் போகிறார். தடித்த காற்சட்டை போடுகிறாரா என்று போன கிழமை கேட்டேன். "போடுறார், பேசிப் பேசிப் போடுறார்" என்றாள்.

சகோதரி, உங்கள் மகன் தனியே வேலை செய்யப் போகிறானா, ஆட்களோடு சேர்ந்தா என்று கடிதத்தில் இல்லை. அதை எழுதுங்கள். அடுத்த இதழில் மழைக்கு முன் கதியால் வெட்டி நடுவது பற்றிப் பார்ப்போம்.